பியதிலகவின் இலைக்கஞ்சி

பதவியா,
9 ஜனவரி 2011

அன்புத் தங்கச்சி சந்தமாலிக்கு,

மும்மணிகளின் துணையால் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் ஆராய்ச்சிக்குக் கேட்ட வல்லாரையையும் சாத்தாவாரி இலையையும் நிழலில் உலர்த்தி, கண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். நம் வீட்டு வேலியோரம் பறித்தது முழுக்க உன் அத்தான் பியதிலகதான். "நான் பறிச்ச இலை மொத மார்க் வாங்கலன்னா, அவளுக்கு இனி இந்த வீட்டுல கஞ்சி கிடையாதுன்னு எழுது" என்கிறார்.

ஊரில் பாதிப்பேரை வாட்டும் சிறுநீரக நோய் அவருக்கு முற்றிவிட்டதாம். இனி வாராவாரம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் ஒரு கோப்பை இலைக்கஞ்சியும் ஒரு துண்டு கித்துள் மரக் கருப்பட்டியும் இருந்தால்தான் முகம் தெளிகிறது. இலைக்கு வலு உண்டென்று தெரிந்தால் இரண்டு வேளையும் கொடுப்பேன். சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
ரம்யலதா

கண்டி,
2 பெப்ரவரி

என் அன்பு அக்கா,

அத்தானிடம் சொல், அவருடைய வல்லாரைதான் முதல். இலைச்சாற்றை ஊதா நிறக் கரைசலில் விடுவோம். உடம்பைக் கெடுப்பவற்றை அடக்கும் சக்தி இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும்; எவ்வளவு வெளுத்தது என்று கருவி சொல்லும். இந்தச் சாறு விட்ட உடனேயே வெளுக்கத் தொடங்கியது. என் பேராசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "யார் வீட்டு வேலிடி இது?" என்றார்.

ஆனால் அக்கா, அவருக்கு அந்தக் கஞ்சியைக் கொடுக்காதே. கண்ணாடிக் குழாய் வேறு, அவர் உடம்பு வேறு. கீரையில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இதயமே நின்றுவிடலாம். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். ஒரு வாய்கூடக் கொடுக்காதே.

உன்
சந்தமாலி

பதவியா,
6 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதல் என்றதும் சிரித்தார். மீதியைக் கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் மருந்து, எனக்கு மட்டும் விஷமா? இவள நாம படிக்க வெச்சதே தப்பு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

இப்போது பக்கத்து வீட்டு சுமணாவதி கஞ்சி காய்ச்சும் நேரத்தில் வேலியோரம் போய் நிற்கிறார். நேற்று, "ஒரு வாய் குடிச்சா செத்தா போயிருவேன்?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். தங்கச்சி, கொஞ்சமாவது கொடுக்க ஏதும் வழி உண்டா?

உன் அக்கா,
ரம்யலதா

கண்டி,
5 ஏப்ரல்

என் அன்பு அக்கா,

வழி கிடைத்துவிட்டது. இலையைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் அப்படியே செய்ய வேண்டும். இங்கே செய்து அளந்து பார்த்தேன். பொட்டாசியம் பெருமளவு போய்விடுகிறது. எப்போதாவது கால் கோப்பை தரலாம் என்று ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் சொன்னார். மற்ற சக்தியும் நீரோடு போய்விடும். ஊதாக் கரைசல் அதற்கு வெளுக்கவே இல்லை. மருந்தென்று எதுவும் மிஞ்சாது அக்கா, ருசி மட்டும் கொஞ்சம் இருக்கும்.

புத்தாண்டுக்கு வந்து நானே காய்ச்சித் தருகிறேன்.

உன்
சந்தமாலி

பதவியா,
20 ஏப்ரல்

சந்தமாலிக்கு,

உன் அத்தானின் ஏழாம் நாள் தானம் முடிந்து, வாசலில் கட்டிய வெள்ளைக் கொடிகளையும் அவிழ்த்தாயிற்று. சாவு வீட்டில் நீ என் தோளில் சாய்ந்து அழுதபோது நான் விலகியதைக் கவனித்திருப்பாய். உன் கடைசிக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் பிரித்தேன்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "லதா, இன்னிக்கு மட்டும். ரெண்டு வாய் போதும்" என்றார். "வாயைக் கொஞ்சம் கட்டுங்க" என்று அதட்டினேன். பிறகு வழியெல்லாம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. கஞ்சி கொடுத்திருந்தால் முன்பே போயிருப்பார் என்று டாக்டரும் சொன்னார். புரிகிறது. ஆனால் அவர் கேட்டது மருந்து இல்லையே, தங்கச்சி.

உன் கையெழுத்தைக் கண்டாலே 'கொடுக்காதே' என்ற சொல்தான் தெரிகிறது. கொஞ்ச காலம் எழுதாதே. வரவும் வேண்டாம். இலை வேண்டுமென்றால் சுமணாவதிக்கு எழுது, பறித்து அனுப்புவாள்.

ரம்யலதா