தொட்டிக்குத்தான் போர்வை, அறைக்கு அல்ல

ஹௌகன் பண்ணை, வோஸ்
3 டிசம்பர் 1957, செவ்வாய்

அன்பு மகள் இங்குனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று பசுக்களும் நலம். அங்கே நீ நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த வரியிலேயே நிற்கிறேன். உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் (மூக்கில்தான் இருந்தது) உன் அம்மாவே சத்தமாகப் படித்தாள். வடகோடித் தீவில் பள்ளிக்கூட டீச்சராகப் போன இடத்தில் ஊராருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சித் தரப் போகிறாய் என்றதும் எனக்கு மீசை துடித்தது. அப்புறம் அந்த அறையைப் பற்றிப் படித்தாள். சமையலறைக்குப் பின்னால், அகலம் இரண்டு எட்டு, நீளம் மூன்று எட்டு, நீ படுத்துக்கொள்ளும் அறை, அதில்தான் பீர் பொங்கவைக்கும் தொட்டி. ஜன்னல் இடுக்கில் பாசி திணித்து மேலே தார்க் காகிதம் அடித்திருக்கிறாய், கதவு விளிம்பில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறாய், "இப்ப ஒரு ஈயோட மூச்சுகூட உள்ள வராதுப்பா, பார்த்தா நீங்க பெருமைப்படுவீங்க" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, பழக்கத்துக்கு என்று இருபது லிட்டர் வாளியில் முதலில் போட்டுப் பார்த்ததையும், ஒரே நாளில் நுரை பொங்கியதையும், காலையில் இடுக்கியில் மாட்டியது போலத் தலை வலித்ததையும், தரையில் படுத்த பூனை எழுந்திருக்காமல் நீயே தூக்கிக்கொண்டு போய் சமையலறையில் போட்டதையும் சொல்லி, "இந்தப் பூனை உங்கள மாதிரியே சோம்பேறிப்பா" என்று முடித்திருக்கிறாய். உன் அம்மா சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டி பாதி வழி போன பிறகுதான் ஒரு காலில் என் பூட்ஸும் மறு காலில் உன் அம்மாவுடையதும் இருப்பதைப் பார்த்தேன், திரும்பவில்லை, அப்படியே நொண்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன்.

தந்தி கொடுத்தேன். ஜன்னலைத் திற, கதவைத் திற, தொட்டியோடு தூங்காதே, அப்பா, அவ்வளவுதான். தபாலாபீஸ் லொவீஸா எதையும் மனதுக்குள் படிக்கத் தெரியாதவள் என்பது உனக்குத் தெரியும். தபால்தலை வாங்க நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தொட்டியா? அது யாருண்ணே, அந்த ஊரு மீன்காரனா? பேரே ஒரு தினுசா இருக்கே" என்றாள். "பொண்ணு அவ்வளவு தூரம் போனா அப்படித்தான், ஜன்னலைத் திறன்னா எல்லாம் சரியாப் போயிடுமா" என்று வேறு ஆறுதல் சொன்னாள். இருட்டுவதற்குள், ஹௌகன் வீட்டுப் பெண் தொட்டி என்ற ஒருவனோடு இருக்கிறாள் என்று ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது, பால் வாங்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரன் கிட்டில் "மாப்பிள்ளை நல்லாக் குடிப்பாரா?" என்று கேட்டான். வேறு ஒரு நாளாக இருந்தால் அவனை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். நேற்று பாலை அவன் வாளியில் விடாமல் காலணியில் ஊற்றினேன்.

அக்டோபரில் உனக்கு நாலு பக்கம் எழுதினேனே, காய்ச்சுவது எப்படி என்று, அதில் தப்பு ஒன்றுமில்லை, தப்பு அதில் இல்லாததில்தான் இருக்கிறது. ஜூனிபர் கிளையைத் தண்ணீரில் போட்டு நிறம் இறங்கும்வரை கொதிக்கவை என்றேன், சரி. முளைகட்டிக் காயவைத்து இடித்த பார்லி மால்ட்டில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, ஒரே மூச்சில் கொட்டினால் பசை காய்ச்சியது போல ஆகிவிடும், நான் முதல் வருஷம் காய்ச்சியதைப் பன்றியே முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது என்றேன், அதுவும் சரி. அடியில் ஜூனிபர் கிளை பரப்பி நிதானமாக வடி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைக் கஞ்சத்தனமாகப் போடு, கறந்த பாலின் சூட்டுக்கு ஆறின பிறகுதான் ஈஸ்ட், விரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது. மர வளையத்தில் காயவைத்துத் துணியில் சுற்றி அனுப்பினேனே, அந்த ஈஸ்ட்டைப் போடும்போது நம் வீட்டு வழக்கப்படி தொண்டை கிழியக் கத்து, வீரியம் அப்போதுதான் வரும் என்றேன். கத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்து. ஈஸ்ட் பிறந்த குழந்தை மாதிரி, குளிர் பட்டால் செத்துவிடும், காற்று நுழையாமல் பார்த்துக்கொள் என்றும் எழுதினேன். அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு நீ அறையையே தைத்துவிட்டாய். போர்த்த வேண்டியது தொட்டியை மகளே, அறையை அல்ல. ஆட்டுத்தோல் இரண்டு சுற்று சுற்று, மேலே மூடியைச் சும்மா வை, தொட்டியைக் கொட்டகைக்கு மாற்று, கதவின் கீழே கை நுழைகிற அளவு சந்து விடு. நம் ஈஸ்ட் ஒரு தடவை பொங்கத் தொடங்கிவிட்டால் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பொங்கும்போது அது ஒரு மூச்சு விடுகிறது, அதற்கு நிறம் கிடையாது, உனக்கு இருமல்கூட வராது, தண்ணீர் போலத் தரையில் தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். பூனை தரையில் படுத்திருந்தது. நீ கட்டிலில். பூனைக்கும் உனக்கும் நடுவே இருந்தது கட்டில் காலின் உயரம்தான். அது இருபது லிட்டர் வாளிக்கு. நீ இப்போது போடப் போவது நூற்றிருபது. மெழுகுவத்தி வைத்துப் பார்க்கலாம் என்று கிட்டில் சொல்வான், நம்பாதே, அது அணைவதற்கு முன்பே உனக்குக் கால் மடங்கிவிடும். யாராவது உள்ளே விழுந்து கிடந்தால் பின்னாலேயே ஓடாதே, வெளியே இருந்து ஜன்னலை உடை. புட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, தொட்டி மூன்று நாள் வாயே திறக்காமல் இருந்த பிறகுதான் புட்டியில் அடைக்கவேண்டும். கிட்டில் இன்னும் குமிழிட்டுப் பேசிக்கொண்டிருந்த பீரையே அடைத்து வைத்தான், ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில் பதினோரு புட்டி வெடித்தது, ஜெர்மன்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று கட்டிலுக்கடியில் புகுந்தான், ஒரு கண்ணாடித் துண்டு சுவர்க் கடிகாரத்தில் குத்தி அது இன்றைக்கும் பதினொன்று இருபதிலேயே நிற்கிறது.

நம் வீட்டு நிலவறையில், தரையோடு தரையாக, அந்த மூச்சு வெளியேற வெளிச்சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறதே, நீயும் சின்ன வயதில் அதற்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டு அழுதாய். அந்த ஓட்டையைப் பற்றி எழுத மறந்துவிட்டேன் என்றுதான் இந்தக் கடிதத்தை முதலில் தொடங்கினேன், அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மறக்கவில்லை. உன் பெரியப்பா ஓமுண்டை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மேட்டுக்குள் குடியிருக்கிற பூதம், அந்த மேட்டுக்காரன், கூட்டிக்கொண்டு போனான், கிறிஸ்துமஸ் பீரில் முதல் கிண்ணத்தை மேட்டில் வைக்க மறந்ததால் கோபித்துக்கொண்டான் என்று ஒவ்வொரு வருஷமும் நான் கதை சொல்வேன், மேட்டுக்காரன் மாதிரி மூக்கால் பேசிக்காட்டுவேன், நீ மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு "இன்னொரு தடவைப்பா" என்பாய். இன்னொரு தடவை சொல்கிறேன், இந்தத் தடவை மூக்கால் இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டிசம்பரில் திடீரென்று கடுங்குளிர் இறங்கியது. ஓமுண்ட் காய்ச்சிய பீர் நிலவறையில் பொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் அவனைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள், என்னை வாயாடி என்பார்கள். தொட்டி குளிர்ந்துவிடாமல் நான் காப்பாற்றினேன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் ஒரு சாக்கு வைக்கோலை அந்த ஓட்டையில் திணித்து, காலால் உதைத்து இறுக்கினேன். காலையில் ஓமுண்ட் நுரை பார்க்கக் கீழே இறங்கினான். பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான், நாலாவது படியில் பாட்டு நின்றது. நாய் பின்னாலேயே ஓடியது, அதன் சத்தமும் நின்றது. இடுப்பில் கயிறு கட்டி என்னை இறக்கினார்கள், ஓட்டை அடைபட்டிருப்பது எனக்குத் தெரியும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டேன், ஏன் அடக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேலே அவனைச் சுற்றி நின்றபோது நான் வெளியே போய் வைக்கோலைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மாடு தின்றுவிட்டது. அதோடு முடிந்தது என்று முப்பத்து மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று தபாலாபீசிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள், கட்டையை நிறுத்தக்கூட இல்லை. "எனக்குத் தெரியும். உங்கம்மா கடைசியாப் படுத்திருந்தப்போ சொன்னாங்க. ஓட்டையச் சுத்தி வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்துட்டு பாவாடை ஓரத்தால துடைச்சாங்களாம். மேட்டுக்காரன் கதையக் கட்டினதே அவங்கதான், ஒருத்தனைத்தான் பறிகொடுத்தேன், இன்னொருத்தனையும் எதுக்குன்னு" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதையை நானே ஜோடித்ததாக இத்தனை வருஷம் பெருமைப்பட்டேன், அதுகூட என்னுடையது இல்லை. "அன்னைக்கு உங்களைக் காப்பாத்துச்சு, சரி. அவளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க? மேட்டுல கிண்ணம் வைக்கச் சொல்லிக் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியை எடுத்தாள். உன் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா, முதல் கிண்ணத்தை வாசலில் வைத்துவிடுவேன், பயப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலம் பார்த்தால் உன் அம்மாவும் போய் ஒரு கிண்ணத்தை மேட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஒன்று வைத்தேன்.

இன்று காலை லொவீஸாவே வீடு தேடி வந்தாள். எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சேதியைக் கத்துகிறவள் இன்று வாயைத் திறக்காமல் வந்தாள், அவளைப் பார்த்ததும் உன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வடக்குத் தந்தியாபீஸிலிருந்து சேதி. கடலில் புயல், தீவுக்குப் போகிற டெலிபோன் கம்பியும் அறுந்துவிட்டது, சனிக்கிழமைக்கு முன் படகு போகாது, என் தந்தி அங்கே மேசையில் கிடக்கிறது. லொவீஸாவிடம் தொட்டி யார் என்று சொல்லிவிட்டேன். அவள் எதையும் வாசிக்கவில்லை, "நானே இன்னொரு தடவை அடிச்சுக் கேக்கறேண்ணே" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமைதான் நீ காய்ச்சப் போவதாக எழுதியிருக்கிறாய். வெள்ளெனத் தீ மூட்டினால் வடித்து ஆற்றி ஈஸ்ட் போடச் சாயங்காலம் ஆகும், விடிந்ததும் படகு கிளம்பினால் மத்தியானம் உன் தீவில் இருக்கும், காற்று சரியாக இருந்தால். இந்தக் கணக்கை நேற்றிலிருந்து எத்தனை தடவை போட்டேன் என்று தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் உனக்கும் படகுக்கும் நடுவே கொஞ்சம்தான் இடம் இருக்கிறது.

இந்தக் கடிதம் அந்தப் படகில் வராது, பத்தாம் தேதிக்குப் பிறகுதான் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீயே பிரித்துப் படித்தால், இதில் இருப்பதெல்லாம் அடுத்த பீருக்கான யோசனை, திட்டுவதற்கு நிறைய இருக்கும், உட்கார்ந்து நிதானமாகத் திட்டி எழுது. வேறு யாராவது பிரித்தால், ஐயா, இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த அறையின் ஜன்னலை வெளியிலிருந்து உடையுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், அம்மா அனுப்பும் கம்பளிக் காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது. தந்தி கிடைத்ததும் பதிலுக்கு ஒரே வார்த்தை போதும், திறந்தேன் என்று. லொவீஸா அதை ஊர் முழுக்க உரக்கப் படிக்கட்டும். நீ பிறந்ததே சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான், தேவாலயத்தில் உன் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பாதி பாட்டில் வந்து நுழைந்தாய், வடக்கே போகிற கப்பலையும் ஒரு தடவை விட்டுவிட்டு மூட்டையோடு திரும்பி வந்தாய், எதையும் சொன்ன நேரத்துக்குச் செய்யமாட்டாய் என்று உன்னைத் திட்டியே வளர்த்தேன். கண்ணே, இந்தச் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நீ திருந்தியிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓட்டையை அடைத்தவனாகிய உன் அப்பா,
ஸ்யூர்