மூன்றாவது சிடியில் இருந்த முடிவு

விருத்தாசலம்
30.10.2004

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே சுகம், புனேக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் நின்று, தெம்பாக இருக்கிறாய் என்று உன் பதிலில் படித்தால்தான் எனக்கு நிம்மதி. உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, நம் பீங்கான் யூனிட்டில் அகல் விளக்கெல்லாம் காயாமல் கிடக்கிறது, அப்பா வானத்தைப் பார்த்துப் பார்த்து என் மேல் எரிந்து விழுகிறார், இதெல்லாம் ஒரு பக்கம். நிஜமான காரணம், சொல்ல வேண்டியதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். போனில் பேசலாம்தான், ஆனால் நம் வீட்டு போன் கூடத்தில் இருக்கிறது, நான் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அதில் எதை முழுசாகச் சொல்வது.

ஆயுத பூஜையன்று வழக்கம்போல் சூளையை அணைத்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு, பிறகு காய வைக்கும் கொட்டகையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். அப்பா இந்தத் தடவை ஒரு யோசனை செய்தார். தனக்கோடி மாமா உனக்காகக் கொண்டுவந்த சேத்தியாத்தோப்பு இடத்தையும் அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார். பேச்சு முடியாத வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள், பூஜைக்கு வந்தால் பொரியும் சுண்டலும் பிரசாதக் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கில் வராது, சும்மா பார்த்துப் பழகின மாதிரியும் இருக்கும் என்றார். அனுசியா அம்மாளும் மகன் அறிவழகனும் வந்தார்கள். நீ போட்டோவில் பார்த்து இரண்டு தரம் போனில் பேசிய பிள்ளைதான், நேரில் இன்னும் நல்ல நிறம், நாற்காலியெல்லாம் தூக்கிப் போட்டான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். கெட்டவன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை. நம் சூளையில் வேலை செய்யும் பக்கிரிதான் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தான், மூன்று சிடி. மலை மேல் ஒரு பங்களா, அங்கே ஒரு வைர நெக்லஸ் காணாமல் போகிறது, டைப் அடிக்க வந்த பெண் ஒருத்தி, அவளைச் சுற்றிச் சுற்றிப் பாட்டுப் பாடும் கதாநாயகன் ஒரு நாள் டாக்டர் என்பான் மறுநாள் இன்சூரன்ஸ்காரன் என்பான், நெக்லஸை எடுத்தது யார் என்பதுதான் கதை. நான் கடலூரில் காலேஜ் படிக்கும்போது சினேகிதிகளோடு மாட்னியில் பார்த்த படம், டைட்டிலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம். இரண்டு சிடி நன்றாக ஓடியது. மூன்றாவதைப் போட்டால் திடீரென்று கலரில் ஒரு குழந்தை மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அலறுகிறது. கருவேப்பிலங்குறிச்சியில் யாரோ வீட்டுக் காதுகுத்து. கடைக்காரர் உறை மாற்றிப் போட்டுவிட்டார். அதைவிடக் கொடுமை, உடனே நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனோடு வேலை செய்யும் மாரியம்மாள், கல்யாணம் ஆயி புள்ளயும் பொறந்துடுச்சா அதுக்குள்ள, என்று கேட்டாள். பக்கிரி, இருக்கட்டும் இருக்கட்டும், போண்டா போடுறாங்க பாரு, என்கிறான். பந்தி முடிகிறவரை ஓடவிட்டார்கள்.

சரி, முடிவைப் பார்க்கவில்லையே, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. பார்த்தது முக்கால் படம், சொன்னது ஒன்றேகால் படத்துக்கான அபிப்பிராயம். பக்கத்து வீட்டுச் சுலோச்சனா, அந்த ஹீரோ திருடனா இருந்தாத்தான் என்னக்கா, அந்த மீசைக்கு நானே கழட்டிக் குடுத்துடுவேன், என்கிறாள், அவள் கழுத்தில் கிடப்பது கவரிங். தனக்கோடி மாமாவுக்குப் படம் முழுக்க அந்தக் கார் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது, இந்தக் கார இப்ப வித்தா என்ன வெல தெரியுமா என்று நாலு பேரிடம் கேட்டார். அந்தக் காலத்துப் படத்தில் ஆபாசமே கிடையாது என்று ஒருவர், அவர் நனைந்த புடவைப் பாட்டுக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். அனுசியா அம்மாள், பொம்பளப் புள்ளய மலை மேல தனியா டைப் அடிக்க அனுப்பினா வேற என்ன ஆவும், என்றார். புனேயில் தனியாக வேலை பார்க்கும் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிற அம்மாள் சொல்லும் பேச்சா இது. ஒரு சிரிப்புப் படத்தைச் சிரித்துவிட்டு விடத் தெரியாத ஜனம், எனக்கு அங்கேயே அலுத்துவிட்டது.

அப்போதுதான் உன் அறிவழகன் எழுந்து, நான் இந்தப் படத்த நாலு தடவ பாத்திருக்கேன், முடிவ நான் சொல்றேன், என்றான். எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஹீரோ சிஐடியாம், திருடினது பங்களா முதலாளியாம், அந்தப் பெண் அவசரப்பட்டுக் காரியத்தையெல்லாம் கெடுத்துவிட்டு அழுதுகொண்டு நிற்பாளாம், ஹீரோ ஓங்கி ஒரு அறை விட்டுத் தாலி கட்டிக் கூட்டிப் போவானாம். கைதட்டு. நான் மெதுவாகத்தான் சொன்னேன், இல்லப்பா, நெக்லஸ எடுத்ததே அந்தப் பொண்ணுதான், அது அவங்க அம்மாவோட நகை, முதலாளி ஏமாத்தி எடுத்துக்கிட்டது, டைப்ரைட்டர் மூடிக்குள்ள வச்சிருப்பா, அது தெரியாம ஹீரோவே அந்த டைப்ரைட்டர அவளுக்காக ரூம் ரூமா தூக்கிக்கிட்டுத் திரிவான், கடைசியில தெரிஞ்சதும் சிரிச்சுட்டு அவகிட்டயே குடுத்துடுவான், என்று. அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அத்த, நீங்க வேற எதோ படத்த நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க, வயசானா அப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கும், என்றான். எனக்கு வயசாம். அனுசியா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார் பூர்ணிமா, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வீம்பு என்றே வைத்துக்கொள்ளேன், மறுநாள் பக்கிரியைத் திரும்ப அனுப்பி அந்தக் காதுகுத்து வீட்டிலிருந்து சரியான சிடியை வாங்கி வரச் சொன்னேன். அவர்களும் நம் படத்தின் கடைசியைப் போட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன், நான் சொன்னது எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. அப்பா பெரிய மனசோடு ஒப்புக்கொண்டு, வேடிக்கையாக அவனுக்கே போன் போட்டு, மாப்ள, ஒங்க அத்த ஜெயிச்சுட்டாங்க, என்றார். அவன் என்ன சொன்னான் என்பதை அப்பாவே சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். நான் பாக்கல மாமா, கெஸ்தான் பண்ணேன், ஆனா படம் எடுத்தவன் கிறுக்கன், பொம்பளைக்கு அவ்ளோ யோசன எங்கருந்து வரும், கதையே ஒட்டல, என்றானாம். பார்க்காத படத்தை நாலு தடவை பார்த்தேன் என்றதைக்கூட விட்டுவிடுகிறேன், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பார்த்தவள் சொல்லும்போது உனக்குத் தெரியாது என்று நாலு பேர் நடுவில் சிரித்தான், தெரிந்த பிறகும் ஒரு மன்னிப்பு இல்லை, படம் எடுத்தவன் மேல் பழி. நாளைக்கு நீ ஆபீசிலிருந்து வந்து உன் வேலையைப் பற்றி ஏதாவது சொன்னால் அந்தச் சிரிப்பைத்தான் சிரிப்பான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். போயும் போயும் ஒரு சினிமாவுக்காகவா நல்ல இடத்தை விடுவார்கள், படித்த திமிர் என்று கத்தினார். படிக்காமல் இருந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்திருக்கும்.

தீபாவளி கழித்து வருகிற வெள்ளிக்கிழமை உனக்குப் பூ வைக்க வருவதாக இருந்தார்கள், அது உனக்கும் தெரியும். நான் அனுசியா அம்மாளுக்கு போன் செய்து, பெண் வந்து நேரில் பேசட்டும், அந்த வெள்ளி வேண்டாம், என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா பட்டென்று போனை வைத்துவிட்டார். அப்பா என்னோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நாளைத் தள்ளிப் போட்டது நான், அதற்கு உன்னைக் கேட்கவில்லை, பெற்றவளுக்கு அவ்வளவு பாத்தியதை உண்டு. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் பாத்தியதை எனக்கு இல்லை, அது உன்னுடையது. அப்பாவிடம் போனில் சரிப்பா என்று நீ சொன்னது, அவனைப் பிடித்துச் சொன்னதா, அப்பாவின் குரலுக்காகச் சொன்னதா, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அப்பாவுக்காக என்றால் ஒரு வரி எழுது, மீதியை அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், கத்தட்டும். இல்லை, பிடித்துத்தான் சொன்னேன் என்றாலும் கூசாமல் எழுது. நானே அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லி, நானே பூ வாங்கி வைத்து, அவன் பார்க்காத படத்துக்கெல்லாம் முடிவு சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். என்னால் முடியும், ஆனால் உன்னால் முடியுமா என்று யோசித்து எழுது.

பழமலைநாதரும் பெரியநாயகியும் உன் கூடவே இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. வெந்நீரே குடி, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறாதே, தீபாவளி ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்த்து வை. பதிலைச் சுலோச்சனா வீட்டு விலாசத்துக்குப் போடு, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பிரிக்க மாட்டாள் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், இருந்தாலும் நன்றாகப் பசை போட்டு ஒட்டு.

நீ எதைச் சொன்னாலும் உன் பக்கம் நிற்கும்
அம்மா
பானுமதி