காயை எடுத்து வைத்த பிறகு சாசேஜ்

என்னங்க,

செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் இருக்கிறார்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் செய்துகொள்ளுங்கள். காலையிலிருந்து கரண்ட்டும் இல்லை. நீங்கள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த சாசேஜ் நாளை வரை பிரிட்ஜில் தாங்காது. பிள்ளைகளுக்கு இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

உருளைக்கிழங்கும் பீன்ஸும் நறுக்கி வைத்திருக்கிறேன். வெங்காயத்தோடு வதக்கி, மூடி போட்டு வேகவிடுங்கள். வெந்ததும் எனக்குக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் சாசேஜைப் போடுங்கள். காரம் போடாதீர்கள், சின்னது மஞ்சுவுக்கு ஆகாது.

இன்றைக்கும் சனிக்கிழமை. நான் கறி தொடமாட்டேன் என்று தெரிந்தும் போன வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறி வைத்தீர்கள். பசியில் பாதித் தட்டு தின்ற பிறகு கேட்டால், "கறி எங்கடி இருக்குது இதுல? பாக்கெட்ல வர்ற பேக்டரி சாமான்தானே" என்கிறீர்கள். பெருமாளிடம் போய்ப் பாக்கெட்டையா காட்டுவேன்?

அன்றிலிருந்து நான் பேசாததற்குக் கோபம் பாதிதான் காரணம். ஷிப்ட் முடிந்து வந்தால் வாயைத் திறக்கத் தெம்பில்லை.

கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தி வையுங்கள். தட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

சாந்தா

மறந்துவிட்டேன். என் கிண்ணத்தை நன்றாக மூடி, வாணலிக்குத் தள்ளி வையுங்கள். சாசேஜ் வாசம் அதில் ஏறக்கூடாது. போன வாரம் ருசியாகத்தான் இருந்தது. என் கோபமே அதுதான்.