ஸ்பானர் பெட்டி இல்லாத ஊழியம்

ஜூன் 4, செவ்வாய்

என் ஸ்பானர் பெட்டியை விமான நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள். இறக்கியவர் எங்கள் ஊழியக் குழுவின் தலைவர், என் சொந்த மாப்பிள்ளை. எடை கூடிவிட்டதாம். அந்த எடைக்கு ஏற்றியது, குழுவின் பெயர் அச்சடித்த மஞ்சள் டி-சர்ட் நாற்பது. வழியனுப்ப வந்த என் மகளிடம் பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவளும் வாயைத் திறக்கவில்லை. இங்கே வந்து இறங்கிய பிறகுதான் எனக்கே தெரியும்.

"அங்கேயே எல்லாம் கிடைக்கும் அத்தை" என்றார். எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்றால் நாங்கள் பதினொரு பேர் எதற்குக் கடல் தாண்டி வந்தோம்?

இரண்டு வார ஊழியத்துக்குக் குழாய் வேலை தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று சபையில் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடமாகச் சபையின் மோட்டாரும் குழாயும் என் கையில்தான். யாரும் சொல்லித்தரவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த வருடம் வீட்டு மோட்டாரை நானே பிரித்து, மூன்று தடவை தப்பாக மாட்டி, நாலாம் தடவை ஓடவைத்தேன். அப்படிப் படித்த படிப்பு.

இதை எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது.

ஜூன் 5, புதன்

பெண் பிள்ளைகள் முப்பத்துநாலு பேர் தங்கிப் படிக்கும் விடுதி. பொறுப்பாளர் அம்மா நம் நாட்டில் கல்லூரி படித்தவர், தமிழ் நன்றாகவே வருகிறது. சமையற்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை வராது. சிரிப்பதோடு சரி.

எங்கள் வேலை சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்குச் சாயம் அடிப்பது. அடித்து முடித்ததும் எல்லோரும் உள்ளங்கையைச் சாயத்தில் முக்கிச் சுவரில் பதிக்க வேண்டும். போன வருடம் வந்தவர்கள் பதித்த கைகள் இருக்கின்றன — பாதி உரிந்து, விரல் இல்லாமல்.

"போன வருஷமும் இதே சுவர்தான் அடிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷமும்" என்றார் பொறுப்பாளர் அம்மா.

"ஏன்மா, வேற சுவரே இல்லையா?"

"இதுதானேம்மா வருஷா வருஷம் உரியுது."

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். மழை பெய்து ஒரு மாதம் ஆகிறதாம். அப்புறம் எங்கிருந்து ஈரம்?

ஜூன் 6, வியாழன்

எங்கள் குழு பிள்ளைகளுக்குக் கை கழுவுவது எப்படி என்று நாடகம் போட்டது. பத்து நிமிடம். வெறும் கையை வெறும் கையால் தேய்த்துக் காட்டினார்கள், ஏனென்றால் குழாயில் தண்ணீர் இல்லை. மத்தியானத்துக்கு மேல் என்றைக்குமே வராதாம். நாடகம் முடிந்ததும் கைதட்டிவிட்டு, பிள்ளைகள் வாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் கிணற்றுக்குப் போனார்கள்.

எனக்கு வந்த எரிச்சலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடக்கூட முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மாடி ஏறினேன். தொட்டியின் வால்வை மூடி, தண்ணீர் நின்ற இடத்தில் கரியால் கோடு போட்டேன். இரண்டு மணி நேரம். கோடு நின்ற இடத்திலேயே தண்ணீர் நின்றது. வால்வைத் திறந்தேன், யாரையும் எந்தக் குழாயையும் தொட விடவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கியது.

தொட்டி நல்ல தொட்டி. சுவருக்குள் போகிற இரும்புக் குழாய்தான் ஓட்டை. வருடா வருடம் அதன் மேல் சாயம் அடிக்கிறோம்.

ஜூன் 8, சனி

மாப்பிள்ளையிடம் சொன்னேன், சுவரை உடைக்க வேண்டும் என்று.

"அத்தை, வெள்ளிக்கிழமை அந்தச் சுவர் முன்னாடிதான் குரூப் போட்டோ. சபைக்கு அனுப்பணும்."

"போட்டோவுல தண்ணி வராதே மாப்பிள்ளை."

"அதெல்லாம் இவங்க பாத்துப்பாங்க. நாம வந்த வேலைய மட்டும் பார்ப்போம்."

"நான் வந்த வேலையே அதுதான்!"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இருபதாம் தேதி அரசாங்க ஆய்வாளர் வருகிறார். நாள் முழுக்க குழாயில் தண்ணீர் வராவிட்டால் விடுதிக்கு அனுமதி கிடையாது. முப்பத்துநாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பள்ளிக்கூடமே இல்லை.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"அவ்வளவு ஆசையா பெயிண்ட் வாங்கிட்டு வந்திருக்கீங்க. விருந்தாளிங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

யாரை நொந்துகொள்வது!

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை. மாப்பிள்ளை தாழ்மையைப் பற்றிப் பேசினார். யாருக்காகப் பேசினார் என்று கடைசி வரிசைக்குக்கூடத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

குழு வெளியே போயிருந்தது. பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, கொல்லையில் கிடந்த சுத்தியலை எடுத்தேன். ஈரம் எங்கே அதிகமோ அங்கே, இடுப்பு உயரத்தில், இரண்டடி உடைத்தேன். போன வருடத்துக் கைகள் காரையோடு கொட்டின.

குழாய் காய்ந்து கிடந்தது. சொட்டு இல்லை.

தப்பு. என் தப்பேதான். வேறென்ன எழுத?

மாப்பிள்ளை வந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "நல்லா இருக்கு அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அம்மா, அவரை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டியே." அசிங்கமாமே! பெட்டி இருந்திருந்தால்... பெட்டி இருந்திருந்தாலும் அங்கேதான் உடைத்திருப்பேன். இதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சமையற்காரம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தார். இப்போ என்ன விளையாட்டு என்று உதறினேன். விடவில்லை. சுவர் மூலையில், தரையில் பதித்த ஒரு கல்லைக் காட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்லிச் சைகை. ஏறி நின்றேன்.

கல் ஜில்லென்றிருந்தது. பக்கத்துக் கல்லில் நின்றேன், சாதாரணம். திரும்ப அதில் நின்றேன், ஜில்.

பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். நாலு வருடமாக வெக்கைக்கு அந்தக் கல்லில் நின்றுதான் காய் நறுக்குகிறாராம்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேளுங்கம்மா."

கேட்டார்கள். பதில் வந்தது: "யார் கேட்டாங்க?"

தண்ணீர் கீழே ஒழுகி, சுவர் அதை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தெரியும் ஈரம் மேலே ஏறும் என்று. என்னை யாரும் கேட்கவில்லை என்று ஒரு வாரமாகக் குதிக்கிறேன். நான் யாரைக் கேட்டேன்?

ஜூன் 12, புதன்

எதிரே பஸ் பட்டறை. அங்கே பைப் ரெஞ்சு இருந்தது. தர மாட்டேன், கூடவே நானும் வருவேன் என்றார் பட்டறைக்காரர். வாருங்கள் என்றேன். கல்லைப் பெயர்த்ததும் ஊற்று மாதிரி கொப்பளித்தது. அடியில் குழாய் திரும்புகிற எல்போ துரு தின்று சல்லடையாகிவிட்டது. மாடியில் வால்வை மூடிய பிறகும், குழாய்களில் தேங்கியிருந்த தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அடைக்கத் துணி வேண்டும்.

வாசலில் மாப்பிள்ளை நின்றார். தண்ணீர் அவருடைய ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. இருபதாம் தேதி விஷயத்தை அதற்குள் பொறுப்பாளர் அம்மா அவரிடமும் சொல்லியிருந்தார்.

உள்ளே போனார். மஞ்சள் டி-சர்ட் கட்டோடு வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன பண்ணணும் அத்தை?"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"திணிங்க. இன்னும் நல்லா. குழாயை அசையாம பிடிங்க."

பதினான்கு டி-சர்ட் போயிற்று. அவை பிரயோஜனப்பட்டதும் அப்போதுதான். புது எல்போ சாயங்காலம் நாலு மணிக்கு ஏறியது.

ஜூன் 13, வியாழன்

மாலை ஆறு மணிக்கும் குழாயில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். திட்டலாம் என்று போனேன். திட்டவில்லை.

ஜூன் 14, வெள்ளி

போட்டோ எடுத்தாயிற்று. பின்னால் சுவரில் நான் போட்ட ஓட்டை. "அதுவும் இருக்கட்டும் அத்தை" என்றார். மிச்ச டி-சர்ட்டில் ஒன்றைப் போடச் சொன்னார். முடியாது என்றேன். அதிலெல்லாம் மாற்றமில்லை.

ஜூன் 24, திங்கள், வீடு

பொறுப்பாளர் அம்மா எழுதியிருக்கிறார். ஆய்வாளர் எல்லாக் குழாயையும் இரண்டு தடவை திறந்து பார்த்திருக்கிறார். அனுமதி கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மட்டும். மிச்சக் குழாயையும் அதற்குள் மாற்றியாக வேண்டுமாம். பிள்ளைகள் யாரும் போகவில்லை.

ஆக, செய்ய வேண்டியவை:

பொறுப்பாளர் அம்மா — மாதம் ஒரு தடவை வால்வை மூடிக் கரிக்கோடு போட்டுப் பார்க்க வேண்டும். எதுவானாலும் விருந்தாளி என்று பார்க்காமல் சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரர் — மூன்று மாதம் ஈரம் இல்லையென்றால் சுவரைப் பூச வேண்டும். அதற்கு முன்னால் கூடாது.

சபை — அடுத்த வருடம் பதினொரு பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். சாயம் வாங்கக் கூடாது.

மகள் — விமான நிலையத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மாப்பிள்ளை — ஸ்பானர் பெட்டியைத் தன் கையால் தூக்கி வர வேண்டும். ஒத்துக்கொண்டார்.

நான் — போய் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் சமையற்காரம்மாவிடம் கேட்க வேண்டும். சுத்தியல் அப்புறம்.