நான் அடித்துப்போட்ட விடை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால்தான் தகராறு செய்கிறது, படியேறாதே என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு மொட்டை மாடியில் ஆயிரம் வேலை. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது உன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல எனக்கு வாய் வராது. போன ஞாயிறு, தசமக் கணக்கில் தப்பு வாங்கி வந்து குட்டி அழுதாளே, "விடும்மா, நம்ம வம்சத்துக்கே கணக்கு வராது" என்று நீ அவளைத் தேற்றியது போனில் என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனே நான்தான்.

0.5, 0.25 இரண்டில் எது பெரியது என்று வீட்டுப்பாடம். நீ 0.5 என்று எழுதியிருந்தாய். எங்கள் லேத் பட்டறையில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துத்தான் பேசுவோம், "அஞ்சு எடு" என்றால் இரும்பில் நூறில் ஐந்து சீவி எடுக்க வேண்டும், "இருபத்தஞ்சு எடு" என்றால் நூறில் இருபத்தைந்து, புள்ளியை யாரும் வாயால் சொல்வதே இல்லை. அந்தப் பழக்கத்தில் அஞ்சு எப்படிப் பெருசாகும் என்று உன் தலையில் ஒரு குட்டு வைத்து, விடையை அடித்து, மாற்றி எழுத வைத்தேன். "பத்துல அஞ்சுப்பா, பாதி" என்று நீ அழுதுகொண்டே சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் டீச்சர் தப்புப் போட்டுத் திட்டியபோதும் அப்பாதான் மாற்றினார் என்று நீ சொல்லவில்லையாம்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. எங்கள் வரைபடங்களில் எப்போதும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருக்கும், அதே வாரம் புதிதாக வந்த ஒன்றில் ஒரு தண்டின் கனத்தில் வெறும் 0.5 குறைக்கச் சொல்லியிருந்தது. நான் நூறில் ஐந்துதான் எடுத்தேன். தண்டு துளைக்குள் போகவில்லை. "அண்ணே, புள்ளிக்கு அடுத்த இடம் பத்துல ஒரு பங்கு, இது நம்ம கணக்குல அம்பது" என்றார் சூப்பர்வைசர். அந்த நிமிஷமே உன் முகம்தான் கண்முன் வந்தது. ஆனாலும் பத்து வயதுப் பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொள்ளக் கூசி வாயை மூடிக்கொண்டேன். அதோடு விட்டேனா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இவளுக்குக் கணக்கு ஏறாது என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் நம்பி, கணக்கில்லாத படிப்பாகப் பார்த்துச் சேர்ந்தாய். வெட்கமாக இருக்கிறது பாப்பா. தெரிந்தே இத்தனை வருஷம் மறைத்தேன் என்பது அதைவிட வெட்கம். என்னை மன்னித்துவிடு.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், குட்டியிடம் காட்டு. கணக்கு வராதது தாத்தாவுக்குத்தான், அம்மாவுக்கு நன்றாகவே வந்தது என்று சொல். ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பக்கத்தை மடிக்கும் முன், நான் அடித்த உன் விடைக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருக்கிறேன். டிக் போட்டுப் பழக்கமில்லை, கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா