அப்பாவுக்கு ஒரு காகித மாலை

செவ்வாய், ராத்திரி

அடுத்த மாசம் அவர் மஸ்கட்டிலிருந்து வரும்போது கழுத்தில் போடலாம் என்று பாப்பாவும் நானும் காகித மாலை செய்தோம். நான் கலர்த்தாளை நறுக்கிக் கொடுத்தேன். அவள் ஒன்னு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே வளையம் வளையமாக ஒட்டினாள். எண்ணிப் பழகட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

பசை காயுமுன்னே பாலை இறக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால், நாற்காலியில் ஏறி, சுவரில் இருக்கும் அவர் போட்டோவுக்கு மாலையைப் போட்டுவிட்டு நிற்கிறாள். பக்கத்திலேயே போன வருசம் செத்துப்போன மாமனார் போட்டோ, மாலையோடு.

"ஏட்டி, என்ன காரியம் செய்யுத?" முதுகில் அடித்துவிட்டேன்.

"தாத்தாவுக்கு மட்டும் போட்டிருக்கு. அப்பாவுக்குப் போட்டா என்ன?"

காரணத்தை வாயால் சொல்லவே பயமாக இருந்தது. மாலையைப் பிய்த்து எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டியவர் இன்னும் பேசவில்லை. கூடத் தங்கியிருக்கிற பையனும் போனை எடுக்க மாட்டேங்கான்.

பாப்பா விசும்பிக்கொண்டே தூங்கிவிட்டாள். போட்டோ கண்ணாடியில் பசை, மாலை கிடந்த மாதிரியே வளைவாக ஒட்டியிருக்கிறது. ஈரத்துணி வைத்துத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், போக மாட்டேங்குது.