டாக்டர் உன்னிடம் சொன்னது
ஆண்டிமடம்,
வைகாசி 20

அன்புள்ள தமிழழகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அப்பாவுக்குக் காது ஓரத்தில் ஒரு புண் நாலு மாதமாக ஆறவில்லை என்று போனில் சொன்னேன் அல்லவா, முந்திரிக் காட்டில் குச்சி கீறியிருக்கும் என்று களிம்பு தடவிக்கொண்டே இருந்தேன், பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும். உன் தங்கை மலர்கொடிதான், ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கிட்னி மாற்றிய அதே திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். சதை எடுத்துப் பார்த்துத் தோல் புற்றுநோய் என்றார்கள். போன புதன்கிழமை பாதிக் காதை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை, அதற்குப் பயப்படாதே.

மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடுகிற மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாம். நம்மைப் போல் கருத்த தோலுக்கு இது அபூர்வம்தானாம், ஆனாலும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் கிடக்கக் கூடாதாம், வருஷா வருஷம் தோலைக் காட்ட வேண்டுமாம். இதை யாருமே சொல்லவில்லையே என்றேன். டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, உங்க மகன்கிட்ட சொல்லியிருக்கோம், கையெழுத்தும் போட்டிருக்காரேம்மா என்றார். ஃபைலை வாங்கிப் பார்த்தேன், உன் கையெழுத்துதான்.

என் கிட்னியைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்து வார்டில் கிடந்தபோது டாக்டர் பேச்சைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். அப்போது உனக்கு மஸ்கட் விசா வந்து பன்னிரண்டு நாள். அப்பா வெயிலில் நிற்கக் கூடாது என்றால் காட்டை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்திருக்கும். நேற்று போனில் இதை மட்டும் கேட்டதற்கு, சொன்னா அப்பா பயந்துடுவாருன்னுதான் சொல்லலம்மா என்றாய். ஆறு வருஷமுமா பயம்? உன்னைப் போகாதே என்றிருக்க மாட்டோம், குத்தகைக்கு விட்டிருப்போம். காரணம் சொல்லாமலாவது, தொப்பி போட்டுக்கங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பா உன்னைக் குறை சொல்லவில்லை. அவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான், நீ ஒண்ணும் எழுதாத என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் இரண்டு வேளை மாத்திரையை விழுங்காமல் கையிலேயே வைத்திருந்தார். விட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா கண்டித்த பிறகுதான் போட்டார்.

நீயும் அங்கே வெயிலில் நின்றால் தலையை மூடிக்கொள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருங்கள். ஆஸ்பத்திரியில் அப்பா பெயருக்கு நேராக உன் நம்பர் இருந்தது. அதை அடித்துவிட்டு என் நம்பரை எழுதச் சொல்லிவிட்டேன். இனி எதுவானாலும் என்னிடமே சொல்வார்கள்.

உன் அம்மா,
அம்சவள்ளி